தொட்டுப்பார் போட்ட கேபிள்

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிற்று. எலக்ட்ரிகல் கடைக்காரரிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'தொட்டுப்பார்'தான். நேரில் பேசும்போது 'தொட்டுப்பார் அண்ணே' என்பார்கள். அவர் முதுகைத் திருப்பியதும் அந்த 'அண்ணே' உதிர்ந்துவிடும்.

வயரிங் வேலை முடிந்தால் மற்ற எலக்ட்ரீஷியன் என்ன செய்வான்? சுவிட்சைத் தட்டுவான், பல்பு எரியும், ஸ்குரூ டிரைவரையும் கட்டிங் பிளேயரையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். இவர் கிளம்ப மாட்டார். வீட்டில் இருக்கிற அத்தனையையும் ஒன்றாக ஓடவிட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து சாவகாசமாக ஒரு டீ குடிப்பார். பிறகு எழுந்து வந்து, கேபிளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். சூடு இல்லையென்றால் "பொழச்சுது" என்று ஒரே வார்த்தை. லேசாக வெதுவெதுப்பு தட்டினால் போச்சு. போட்டதையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, அடுத்த சைஸ் கேபிளைப் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் விடமாட்டார்.

அவர் போட்ட கேபிள் உருகியது, தீப்பிடித்தது என்று ஒரு பேச்சு அந்தப் பக்கத்தில் எழுந்ததே இல்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது. ஏறட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே. ஆனால் பெருமை ஏறிய தலைக்குள் புதிதாக ஒரு சந்தேகத்துக்கு இடம் இருக்காது. அது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கரண்ட் அடிக்கடி போகும் பகுதி அது. அதனால் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தபோது முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். இன்வெர்ட்டர் வேலையில் அவருக்கு மூன்று கேள்விகள்தான். எவ்வளவு லோடு? அதற்கு எத்தனை ஆம்ப்ஸ்? அந்த ஆம்ப்ஸுக்கு எந்த சைஸ் கேபிள்? பதில் கிடைத்ததும் வேலை, வேலை முடிந்ததும் டீ, டீக்குப் பிறகு விரல். எல்லா வீட்டிலும் பேட்டரி கீழே, இன்வெர்ட்டர் மேலே. நடுவில் ஒரு முழ நீளக் கேபிள். எவ்வளவு நீளம் என்ற நாலாவது கேள்வியைக் கேட்க வேண்டிய சந்தர்ப்பமே அவருக்கு வாய்க்கவில்லை.

வீட்டில் அவரும் மனைவியும், மனைவியின் தங்கை சின்னவளும். சின்னவளுக்குக் கல்யாணம் சரிப்படவில்லை. ஒரு தையல் மெஷினையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தவள், ஜன்னலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாய் கொஞ்சம் நீளம். "மாமா, சோறு சூடா இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுச் சாப்பிடுங்க" என்று தினமும் எதையாவது சொல்லாமல் இருக்கமாட்டாள். அவரும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே உள்ளுக்குள் ரசிப்பார்.

மனைவி மெத்தை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசியைத் தின்று தின்று நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். முதலில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. பிறகு கூடத்திலிருந்து சமையலறைக்கு நடப்பதற்குள் வாங்கியது. அப்புறம் உட்கார்ந்திருந்தாலே வாங்கியது. கடைசியில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன அலமாரி உயரத்துக்கு நின்றுகொண்டு, காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இருபத்து நாலு மணி நேரமும் அது ஓட வேண்டும். கரண்ட் போனால் நின்றுவிடும். அது நின்றால் அவள் மூச்சும் திணறும்.

அவசரத்துக்கு என்று ஆஸ்பத்திரியில் ஒரு சிலிண்டரும் கொடுத்திருந்தார்கள். கூடத்து மூலையில் அது நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. "அது நிக்கிறதைப் பாத்தா ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரியே இருக்குங்க" என்றாள். இவர் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஊருக்கெல்லாம் இன்வெர்ட்டர் போடுகிறவன் பெண்டாட்டிக்கு சிலிண்டர் எதற்கு என்று கேட்டார். புது இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கி, கட்டிலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மாட்டினார். சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்வெர்ட்டரில் ஒரு பச்சை விளக்கு. அதைப் பார்த்தால் தனக்கு ஒரு தைரியம் என்று அவள் சொல்வாள். ஆனால் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஒருநாள் லேசாக ஆசிட் வாடை வந்தது. அவள் புகார் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தடவை இருமினாள், அவ்வளவுதான். இவருக்குப் பகீரென்றது. இருக்கிற கொஞ்சநஞ்ச நுரையீரலையும் நம் கையாலேயே கெடுத்துவிடுவோமோ என்று பயந்துபோனார். அன்று மாலையே பேட்டரியைப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. இன்வெர்ட்டர் மட்டும் அவள் கண்ணெதிரே, பச்சை விளக்கோடு அங்கேயே இருக்கட்டும்.

பாருங்கள், அவர் செய்தது அத்தனையும் அவள்மேல் இருந்த பாசத்தினால்தான். அலட்சியத்தால் செய்திருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

வீட்டின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் கூடம், சமையலறை, நடை எல்லாவற்றையும் தாண்டி கேபிள் ஓட வேண்டும். கரண்ட் போவதற்கு ஒன்று, திரும்பி வருவதற்கு ஒன்று. கடையில் அதே சைஸ் கேபிளைக் கேட்டார். அளந்துகொண்டே வந்த கடைக்காரர் நிறுத்தினார்.

"இவ்வளவு நீளம் போகுதேண்ணே. ரெண்டு சைஸ் ஏத்திக்கலாமே?"

"லோடு மாறலையேப்பா. நீளம்தானே மாறுது. நீளம் கூடினா ஒயர் சுடவா போகுது?"

கடைக்காரர் கேட்ட நீளத்துக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார். தொட்டுப்பாருக்கே கேபிள் பாடம் எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதுவும் அவர் சொன்னது உண்மைதான். நீளம் கூடினால் கேபிள் சுடாது.

வேலையை முடித்துவிட்டு மெயினை அணைத்தார். பேட்டரியில் மெஷின் ஜம்மென்று ஓடியது. டீ குடித்தார். பின்பக்கத்தில் ஆரம்பித்து முன்பக்கம் வரைக்கும், சுவரோரமாகக் கேபிளைத் தொட்டுக்கொண்டே வந்தார். எங்கேயும் துளி வெதுவெதுப்பு இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைக் கட்டிலில் இருந்து பார்த்த மனைவி, "என் நாடியைக்கூட இப்படி ஒருநாள் புடிச்சுப் பாத்ததில்ல" என்றாள். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் "பொழச்சுது" என்றார்.

அதன்பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போயிற்று, வந்தது. எல்லாம் சட்டென்று திரும்பிவிடுகிற ரகம். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர் தைரியமாக வேலைக்குப் போய்வந்தார்.

அன்று காலை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை. நாற்காலிக்கும் விளக்குக்கும் சேர்த்து பேக்கப் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பேட்டரியை இன்வெர்ட்டருக்கு அடியிலேயே வைத்து, கச்சிதமாக முடித்திருந்தார். டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பகுதிக்கே கரண்ட் போயிற்று. கிளினிக்கில் விளக்கு இமைக்கக்கூட இல்லை. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். நோயாளி வாயைத் திறந்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இவர் கேபிளைத் தொட்டு, கண்ணை மூடி, இன்னொரு டீ குடித்து, டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விளக்கம் சொல்லி, மறுபடியும் கேபிளைத் தொட்டார். கரண்ட் வருகிற வழியாகவே இல்லை. அப்போதுதான் போன் அடித்தது. சின்னவள்.

"மாமா, மெஷின் நின்னுடுச்சு. இன்வெர்ட்டர் பெட்டி கத்திக்கிட்டே இருக்கு. சிவப்பு லைட் எரியுது."

பேட்டரி இறங்கிவிட்டது என்பதற்கான விளக்கு அது. இருக்க முடியாது என்றார். நேற்றுதான் பார்த்தார், பேட்டரி நிறைந்திருந்தது. இன்வெர்ட்டரை அணைத்துப் போடச் சொன்னார். அவள் போட்டாள். பச்சை எரிந்தது, மெஷின் உறுமியது, உடனே நின்றது, மறுபடியும் சிவப்பு. இன்னொரு தடவை போடச் சொன்னார். அதே கதை. பின்பக்கம் போய் பேட்டரியில் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் ஓடினாள். இறுக்கமாகத்தான் இருந்தது. திரும்ப ஓடிவந்து போடச் சொன்னார். போட்டாள், நின்றது. பெட்டியின் பின்னால் இருக்கிற சின்ன சுவிட்சை அமுக்கிவிட்டுப் போடச் சொன்னார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால் என்று அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். அவர் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா திணறுகிறாள் என்று அவள் நடுநடுவே சொன்னதை அவர் காதில் வாங்கினார், ஆனால் மனதில் வாங்கவில்லை. அவர் மனது முழுக்க ஒன்றே ஒன்றுதான்: நான் போட்ட லைன் எப்படித் தப்பும்?

எடுத்த எடுப்பில் "அக்காவை வண்டியில ஏத்து, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லியிருந்தால் போதும். ஆஸ்பத்திரி ஒன்றும் மலை உச்சியில் இல்லை. எதிர்வீட்டில் கார் நின்றுகொண்டிருந்தது.

"மாமா, அக்கா உதடு நீலமாகுது" என்று அவள் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது. பையை அங்கேயே போட்டுவிட்டுப் பறந்தார். அவர் வீட்டை எட்டியபோது எதிர்வீட்டுக்காரர் மனைவியைத் தூக்கிக் காரில் கிடத்திக்கொண்டிருந்தார். தொட்டுப்பாரின் மடியில் தலை வைத்தபடி போனாள். போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அழவில்லை. சின்னவளைப் பார்த்துத் திரும்பினார். "என்னத்த அமுக்கித் தொலைச்ச நீ?" என்று கேட்டார். அவள் சுவரில் சாய்ந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் தலையணைமேல் கிடந்து, ஆளில்லாத கட்டிலுக்கு ஆக்சிஜன் ஊதிக்கொண்டிருந்தது. அதை யார் நிறுத்துவது என்று தெரியாமல் வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றார்கள். அவர்தான் போய் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவருக்கு அழுகை வந்தது. தேற்ற வந்தவர்களுக்கே பயமாகும்படி அழுதார்.

உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் காலம் அவ்வளவுதான் என்றார்கள். மெஷின் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்கள். தூரத்து உறவில் ஒரு அத்தை, அத்தைகளுக்கே உரிய அக்கறையோடு, "நீ சரியான சுவிட்சைத்தான் போட்டியாடி?" என்று சின்னவளை எல்லோர் எதிரிலும் கேட்டாள். தொட்டுப்பாரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் வேலையில் குற்றம் இருக்கும் என்று கனவில்கூட யாரும் நினைக்கமாட்டார்கள்.

எல்லோரும் கிளம்பிப் போனபிறகு ஒரு மத்தியானம் அவர் வோல்ட் பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெஷினை ஓடவிட்டு, மெயினை அணைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்தார். பின்பக்கம் போய் பேட்டரியில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. ஆரோக்கியமான பேட்டரி. முன்பக்கம் வந்து இன்வெர்ட்டரின் முனையில் வைத்தார். பத்தரைக்குப் பக்கத்தில் தடுமாறியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு எரிந்து, பெட்டி கத்தி, மெஷின் நின்றது. பின்பக்கம் ஓடி மறுபடியும் பார்த்தார். பேட்டரி நிறைந்துதான் இருந்தது.

பன்னிரண்டு வோல்ட் என்பது ஏழையின் கையிருப்பு மாதிரி, வழியில் ஒன்றரை செலவானாலும் தாங்காது. அந்த நீளமான கேபிள் முழுக்கவும் துளித்துளியாகத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் இன்வெர்ட்டருக்குக் கொடுத்திருக்கிறது. நிறைந்த பேட்டரியைக் காலி என்று நினைத்து இன்வெர்ட்டர் கையை விரித்துவிட்டது. பேட்டரி முறுக்கோடு இருக்கிற முதல் கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும், அதனால்தான் கரண்ட் சட்டென்று வந்துகொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மெஷின் திரும்பக் கிளம்பும்போது இன்னும் அதிகமாக இழுக்கும், அதனால் எத்தனை தடவை போட்டாலும் நிற்கத்தான் செய்யும். அத்தனை நீளத்தில் பரவிப்போனதால் கேபிள் ஒரு இடத்தில்கூடச் சுடவில்லை. மூணு மடங்கு தடிமனாகப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியை அவள் பக்கத்திலேயே விட்டிருக்க வேண்டும். இரண்டு இருமல்தானே இருமினாள்.

அவர் அங்கேயே, துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். செத்துப்போய்விடலாம் என்று தோன்றியது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. கேபிளைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உள்ளே போனார். பல நாள் அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு திரிந்தார். வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றார். அது பொய்யும் இல்லை.

இதற்கிடையில் சின்னவளைப் பற்றி அவருக்கு ஒன்று உறைக்க ஆரம்பித்தது. அவள் தைப்பதை நிறுத்தியிருந்தாள். பேச்சும் நின்றுபோயிருந்தது. அதெல்லாம் துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தபோது வீடு கும்மிருட்டாக இருந்தது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. இருட்டுக்குள் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏன் லைட் போடவில்லை என்று கேட்டார். நீங்கள் வந்து போடட்டும் என்று இருந்தேன் என்றாள். அப்புறம்தான் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஃபேன் போட அவரைக் கூப்பிட்டது, மிக்சியை எடுக்காமல் அம்மியில் அரைத்தது, மோட்டார் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சியது. அவள் எந்த சுவிட்சிலும் கை வைப்பதில்லை.

வராந்தாவில் தான் கேட்ட கேள்வி இவ்வளவு நாளும் இந்த வீட்டுக்குள் அவளோடு உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

விளக்கைப் போட்டார். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரர் சொன்னது, தான் கேட்காமல் விட்டது, பேட்டரியை நகர்த்தியது, கேபிள் தின்றது, போனில் அவளை ஓடவிட்டு நேரத்தைக் கொன்றது, ஒன்றுவிடாமல் சொன்னார். வராந்தாவில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போதும் போதும் என்றாள். அவர் விடவில்லை. எழுந்துபோய் மீட்டரைக் கொண்டுவந்தார். மெஷினை ஓடவிட்டு, மெயினை அணைத்து, அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய் ஒரு எண்ணைக் காட்டினார், முன்பக்கம் அழைத்துவந்து இன்னொரு எண்ணைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி கத்தியதும் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அவர் அணைத்துவிட்டு வந்தார். "பாத்தியா? இதுல உன் தப்பு எங்கே இருக்கு, சொல்லு" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார், வேண்டிக்கொண்டார் என்றே சொல்லலாம். இருந்தது பாசம்.

"எனக்கு இந்த நம்பர் கணக்கெல்லாம் தெரியாது மாமா. ஆனா உங்களைத் தெரியும். நீங்க போட்ட ஒயர் ஒண்ணுகூடத் தப்பினதில்லன்னு அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கா. எனக்காக நீங்க பழியை உங்கமேல போட்டுக்க வேண்டாம்."

அவர் சத்தியம் செய்தார். செத்துப்போனவள்மேல் ஆணையிட்டார். அவள் தலையாட்டினாள், குழந்தை சொல்கிற கதைக்குப் பெரியவர்கள் தலையாட்டுவதுபோல. தன்னை இத்தனை வருஷம் ஊரே நம்பும்படி செய்துவைத்திருந்த மனிதருக்கு, தன்னை நம்பாதே என்று ஒருத்தியிடம் சொல்லிப் புரியவைக்கத் தெரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லுங்க மாமா, நான் தாங்கிக்குவேன்" என்றாள் அவள். "அன்னைக்கு நான் எந்த சுவிட்சை அமுக்கியிருந்தா அக்கா பொழச்சிருப்பா?"

எதை அமுக்கியிருந்தாலும் ஓடியிருக்காது என்பதுதான் பதில். இவ்வளவு நேரமும் அதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.